மார்பகத்தை எடுத்தாலும் தோலை விட்டுவைக்கலாம்

ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, “மார்பகத்தை எடுத்துவிடுவார்களா?” என்பதைத்தான். மார்பகப் புற்றுநோய் வார்டுகளில் வேலை பார்ப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று என்பார்கள்: “எனக்கு ரேடியேஷன் தேவைப்படுமா?” எந்த அறுவை, மார்பகத்துக்கு மறுபடி உருவம் கொடுக்கும் மறுசீரமைப்பில் எந்த வகை, அதே நாளிலா பிறகா என்று அடுத்தடுத்து வரும் முடிவுகள் எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தவை. அதைக் கேட்காமல் சிலிகோன் பை வைக்கும் இம்பிளான்ட் நல்லதா, சொந்த வயிற்றுத் திசு நல்லதா என்று தேடிக்கொண்டிருப்பது தலைகீழ் வேலை.

கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா

“எதற்கு வம்பு, முழுசாக எடுத்துவிடச் சொல்” என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அன்பில் சொல்வதுதான், ஆனால் கணக்கு அப்படி இல்லை. கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவையும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும், முழு மார்பகத்தையும் எடுத்தவர்களும் ஒரே அளவு ஆயுளோடுதான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் நடந்த பி-06 ஆய்வும், மிலான் நகரில் உம்பெர்தோ வெரோனேசி நடத்திய ஆய்வும் 20 வருடம் தொடர்ந்து பார்த்த முடிவுகளை 2002-இல் வெளியிட்டன. இரண்டும் சொன்னது இதைத்தான். மார்பகத்தை விட்டுவைத்தால் அதே மார்பகத்தில் மறுபடி வர கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் அப்போது எடுக்கலாம். ஆயுள் அதனால் குறைவதில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மார்பகத்தின் வெவ்வேறு பகுதிகளில் கட்டிகள் இருந்தால், மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் பரவலாகச் சிதறிக் கிடந்தால், மார்பில் ஏற்கெனவே ரேடியேஷன் வாங்கியிருந்தால், சிறிய மார்பகத்தில் பெரிய கட்டி இருந்தால் முழு நீக்கம் பற்றிப் பேச வேண்டி வரும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு மாற்று வழி உண்டு. கீமோ அல்லது மருந்து முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்யலாம். ஆனால் கீமோ தொடங்கும் முன்பே கட்டிக்குள் ஒரு சின்ன உலோக கிளிப் வைக்க வேண்டும். மருந்துக்குக் கட்டி முழுவதும் கரைந்துபோனால், எந்த இடத்தை எடுப்பது என்று காட்ட அந்த கிளிப்பைத் தவிர வேறு அடையாளம் இருக்காது. கிளிப் வைத்தாயிற்றா என்று நோயாளியே கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. மார்பகப் புற்று வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு, வருங்காலத்தில் புதிதாக இன்னொன்று வரும் வாய்ப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருப்பதால் பேச்சு வேறு திசையில் போகும்.

எடுத்த துண்டை அப்படியே டப்பாவில் போட்டு அனுப்பிவிடுவதில்லை. எது மேல் பக்கம், எது வெளிப் பக்கம் என்று தெரிய ஒரு விளிம்பில் குட்டை நூலும் இன்னொன்றில் நீள நூலும் தைத்து அடையாளம் வைப்பார்கள். தொட்டுப் பார்த்துத் தெரியாத கட்டி என்றால், அரங்கில் இருக்கும்போதே அந்தத் துண்டை எக்ஸ்ரே எடுத்து, கிளிப்பும் புள்ளிகளும் உள்ளே வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டுத்தான் தையல் போடுவார்கள். திசுவைச் சோதிக்கும் பேதாலஜி பிரிவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிற மை தடவி, அது காய்ந்த பிறகு வெட்டுவார்கள். மைக்ராஸ்கோப்பில் மை பட்ட விளிம்பிலேயே புற்றுச் செல் தெரிந்தால் மார்ஜின் பாசிட்டிவ், இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். பால்குழாயைத் தாண்டி ஊடுருவிய புற்றுக்கு, செல்கள் மையைத் தொடாமல் இருந்தால் போதும். பால்குழாய்க்குள்ளேயே இருக்கும் டிசிஐஎஸ் வகைக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி எதிர்பார்க்கிறார்கள், ஏனென்றால் அது குழாய் நெடுக விட்டுவிட்டுப் பரவும் குணம் உடையது. மார்ஜினுக்காக இரண்டாம் முறை அரங்குக்குப் போவது அரிதான விஷயமல்ல. நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமும் இல்லை. இந்த வாய்ப்பை முதல் நாளே சொல்லிவைத்துவிட்டால், மறுபடி அறுவைக்கு வரச் சொல்லி போன் வரும்போது வீடு கலங்காது.

மார்பக அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டி வந்தால், வெறுமனே எடுத்துத் தைத்துவிட்டால் அந்த இடம் குழியாக உள்வாங்கும், காம்பு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ரேடியேஷன் முடிந்த பிறகு அதைச் சரிசெய்வது கடினம். அதனால் மீதித் திசுவை நகர்த்தி, மார்பகத்தையே சிறிதாக்கி, காம்பை இடம் மாற்றி வைக்கும் வேலையை அதே அறுவையில் செய்துவிடுவார்கள். மறுபக்கத்தையும் அளவுக்கு ஒப்பாகச் சிறிதாக்கலாம். பெரிய மார்பகம் உள்ளவர்களுக்கு இது மிக நல்ல வழி. முழு நீக்கமும் இம்பிளான்டும் என்று போவதைவிடச் சிக்கல் குறைவு. ஆனாலும் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதையே யாரும் சொல்வதில்லை.

கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு ரேடியேஷன் சிகிச்சையின் பாதி. 70 வயதைத் தாண்டிய, சிறிய, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனின் தூண்டுதலில் வளரும்) கட்டி உள்ள சிலரை மட்டும் ஹார்மோன் தடுப்பு மாத்திரையோடு விட்டுவிடலாம். முன்பு ஐந்து ஆறு வாரம் இழுத்த ரேடியேஷன் இப்போது பெரும்பாலும் 15 தவணையில் 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) என்று மூன்று வாரத்தில் முடிகிறது. 2020-இல் வந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வுக்குப் பிறகு, தகுதியானவர்களுக்கு 5 தவணையில் 26 கிரே என்று ஒரே வாரத்திலும் கொடுக்கிறார்கள்.

தோலை மட்டும் விட்டுவைப்பது

முழு நீக்கம் என்றே முடிவானாலும் மார்பு தட்டையாகி நீளத் தழும்போடு நிற்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. தலையணைக்குள் இருக்கும் பஞ்சை மாற்றிவிட்டு உறையை அப்படியே வைத்துக்கொள்வதுபோல, உள்ளே இருக்கும் பால்சுரப்பித் திசு முழுவதையும் எடுத்துவிட்டுத் தோலை வைத்துக்கொள்ளலாம். டோத், லாப்பர்ட் என்ற இரு அறுவை நிபுணர்கள் 1991-இல் இந்த முறையை முறைப்படி விவரித்தார்கள். காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் போகும். பயாப்ஸித் தழும்பு வெட்டில் அகப்படுகிற இடத்தில் இருந்தால் அதுவும் போகும். தோலும், மார்பகத்துக்கு அடியில் இருக்கும் மடிப்பும் இருக்கும். அந்த அடி மடிப்பு சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அது அழிந்துவிட்டால் எவ்வளவு நல்ல இம்பிளான்ட் வைத்தாலும் உருவம் சரிந்து நிற்கும். மறுபடி அந்த மடிப்பை உண்டாக்குவது சிரமம்.

சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, பழைய முறையில் தோலோடு எடுத்தவர்களைவிடப் புற்று திரும்ப வரும் வாய்ப்பு கூடுவதில்லை. தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். தோலிலேயே புற்று ஏறியிருந்தால், ஆரஞ்சுத் தோல்போலச் சிவந்து வீங்கும் வகையாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

காம்பையும் விட்டுவைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. கட்டி காம்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். காம்பிலிருந்து ரத்தக் கசிவு, உள்ளிழுப்பு, ஆறாத சொறிபோன்ற பேஜெட் நோய் எதுவும் இருக்கக் கூடாது. அறுவையின்போது காம்புக்குப் பின்னால் இருக்கும் திசுவில் ஒரு துண்டைத் தனியாக எடுத்து அனுப்புவார்கள். அதில் புற்று இருந்தால் காம்பு போக வேண்டியதுதான். ரிப்போர்ட் சில நாள் கழித்து வந்தால் அதற்காகச் சின்னதாக இன்னொரு அறுவை வரலாம். மிகப் பெரிய, மிகத் தொங்கிய மார்பகத்தில் காம்புக்கு ரத்தம் வெகு தூரம் பயணப்பட வேண்டியிருப்பதால் அது கருகிப்போகும் ஆபத்து அதிகம். ஒன்றை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. காம்பைக் காப்பாற்றினாலும் அதன் உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. கண்ணாடியில் பார்க்க இருக்கும், தொட்டால் தெரியாது. இதைத் தெரிந்து தேர்ந்தெடுத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இந்த அறுவையின் வெற்றி தோல்வி தோலின் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. தோலடிக் கொழுப்புக்கும் சுரப்பித் திசுவுக்கும் இடையே ஒரு மெல்லிய படலம் உண்டு. அந்தப் படலத்தை ஒட்டியே பிரித்துக்கொண்டு போக வேண்டும். படலத்துக்கு மேலே கத்தி ஏறினால் தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் அறுந்து தோல் கருகும். கீழே இறங்கினால் சுரப்பித் திசு தோலோடு ஒட்டிக்கொண்டு மிச்சமாகும். ஒல்லியானவருக்கு அந்தத் தோல் சில மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். கொஞ்சம் சதைப்பற்று உள்ளவருக்குக் கூடுதலாக இருக்கும். இவ்வளவு என்று ஒரே எண் எல்லோருக்கும் கிடையாது. அதனால்தான் மார்பகத்தை எடுக்கும் நிபுணரும் மறுசீரமைக்கும் பிளாஸ்டிக் சர்ஜனும் அறுவைக்கு முன்னால் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது அவசியம். இருவரும் அறுவை அரங்கில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

தோல் கருகுவதற்கு நோயாளி பக்கத்துக் காரணங்களில் முதலிடம் நிகோடினுக்கு. சிகரெட் மட்டுமல்ல, வேப், மெல்லும் புகையிலை எல்லாம் அதே கணக்கு. நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்கும். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் தொடக் கூடாது. நிகோடின் பட்டை ஒட்டிக்கொள்ளலாமா என்பதையும் சர்ஜனிடம் கேட்டே செய்யுங்கள், அதிலும் இருப்பது நிகோடின்தான். அடுத்து கட்டுப்படாத சர்க்கரை, அதிக உடல் எடை, பழைய ரேடியேஷன். சர்ஜன் பக்கத்தில், இம்பிளான்டை ஒரே நாளில் முழு அளவுக்கு ஊதி வைத்துத் தோலை இழுத்துப் பிடிப்பதும் ஒரு காரணம். பச்சைச் சாயம் ஒன்றை ரத்தத்தில் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவில் தோலில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் வசதி சில இடங்களில் உண்டு. சாயம் ஏறாத இடம் இருட்டாகத் தெரியும். அதை அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள், அல்லது இம்பிளான்ட் வைப்பதைத் தள்ளிப்போடுவார்கள். மயக்கம் தெளிந்ததும் மார்பு காலியாக இருந்தால் ஏமாற்றம்தான், ஆனால் அது பெரும்பாலும் நல்ல முடிவு.

வீட்டில் என்ன பார்க்க வேண்டும்? முதல் சில நாட்களில் தையலை ஒட்டிய தோல் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுவது, நீர்க்கொப்புளம் கட்டுவது, அடுத்த ஓரிரு வாரத்தில் கறுத்துக் காய்ந்து கட்டையாவது. தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து போட்டோ எடுத்து வைத்தால் பரவுகிறதா நிற்கிறதா என்று டாக்டருக்குத் தெரியும். அடியில் சொந்தத் திசு இருந்தால் கறுத்த தோல் மெதுவாக உதிர்ந்து, அடியிலிருந்து ஆறிவிடும், காத்திருக்கலாம். அடியில் இம்பிளான்ட் இருந்தால் காத்திருக்க நேரமில்லை. தோல் திறந்து இம்பிளான்டில் கிருமி ஏறிவிட்டால் அதை வெளியே எடுப்பதுதான் பெரும்பாலும் வழி. கறுப்பு சின்னதாக இருக்கும்போதே வெட்டித் தைத்துவிட வேண்டும்.

ரேடியேஷன் கேள்வி ஏன் முதலில்

அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களில் முதலாவதாக நோய் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுக்களைச் சாயமும் கதிரியக்க மருந்தும் வைத்துக் கண்டுபிடித்து எடுப்பது சென்டினல் பயாப்ஸி. நீலச் சாயம் போட்டால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போகும், தோலில் கறை சில மாதம் நிற்கும். அரங்கில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவிகூடக் கொஞ்ச நேரம் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பயப்பட ஒன்றுமில்லை. கட்டியை மட்டும் எடுத்து முழு மார்பகத்துக்கும் ரேடியேஷன் வாங்கப்போகிறவர்களுக்கு, ஒன்றிரண்டு கணுவில் நோய் இருந்தாலும் அக்குள் முழுவதையும் துப்புரவாக எடுக்கத் தேவையில்லை என்று இஸட்-11 ஆய்வு 2011-இல் காட்டியது. ஆனால் முழு நீக்கம் செய்தவருக்குக் கணுவில் நோய் தெரிந்தால், வேண்டாம் என்று நினைத்திருந்த ரேடியேஷன் புதிதாக முளைக்கலாம். அன்றைக்கே இம்பிளான்ட் வைத்துவிட்டிருந்தால் அதன் மேலேயே ரேடியேஷன் விழும்.

ரேடியேஷன் பட்ட இம்பிளான்ட் என்னாகும்? எந்த இம்பிளான்டைச் சுற்றியும் உடம்பு ஒரு மெல்லிய உறை கட்டும், அது இயல்பு. ரேடியேஷனுக்குப் பிறகு அந்த உறை பலருக்குத் தடித்து இறுகும். மார்பகம் மேலே ஏறி, பந்துபோல உருண்டு, கல்லாகி, வலிக்கும். இந்த இறுக்கத்தைப் பேக்கர் அளவுகோலில் ஒன்று முதல் நான்கு வரை சொல்வார்கள். மூன்றும் நான்கும் மறு அறுவைக்கு இட்டுச்செல்பவை. ரேடியேஷன் உறுதி என்று முன்கூட்டியே தெரிந்தால் மூன்று வழிகள் உண்டு. தட்டையாகத் தைத்துவிட்டு, ரேடியேஷன் முடிந்து ஆறு மாதம் ஒரு வருடம் கழித்து வயிற்றுத் திசுவால் மறுசீரமைக்கலாம். தோலை விட்டுவைத்து, இடம் பிடித்துவைக்க எக்ஸ்பாண்டர் என்ற பலூனை வைத்து, ரேடியேஷனுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டுச் சொந்தத் திசுவை வைக்கலாம். அல்லது ஆபத்தைத் தெரிந்தே இம்பிளான்டோடு போகலாம். சில மருத்துவமனைகளில் சென்டினல் பயாப்ஸியை மட்டும் முதலில் தனியாகச் செய்துவிட்டு, அந்த ரிப்போர்ட் வந்த பிறகு பெரிய அறுவையைத் திட்டமிடுகிறார்கள். ஒரு மயக்க மருந்து கூடுதல்தான். இருந்தாலும் சந்தேகமான கேஸ்களில் அது நியாயமான வழி.

நான்காவதாக ஒன்றும் உண்டு, எதுவுமே வேண்டாம் என்பது. தட்டையாக, ஓரத்தில் தோல் தொங்காமல் நேர்த்தியாகத் தைக்கச் சொல்லலாம். சொல்லாவிட்டால், ‘பின்னாடி மனசு மாறினால் உதவும்’ என்று அதிகத் தோலை விட்டுவைத்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் அறுவைக்கு முன்பே தெளிவாகச் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் எழுத வையுங்கள்.

இம்பிளான்டா, சொந்தத் திசுவா

இம்பிளான்ட் என்றால் அறுவை நேரம் குறைவு, உடம்பில் வேறு இடத்தில் தழும்பு இல்லை. நேரடியாகவே வைக்கலாம், அல்லது முதலில் எக்ஸ்பாண்டர். எக்ஸ்பாண்டர் என்பது தோலுக்கடியில் வைக்கும் காலி பலூன். காயம் ஆறிய பிறகு, சுமார் இரண்டு வாரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசியால் 50 முதல் 100 மில்லி உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். ஏற்றிய அன்றும் மறுநாளும் மார்பு இறுக்கிப் பிடித்ததுபோல இருக்கும். சாதாரண வலி மாத்திரை போதும். ஊசி குத்தும் வாய்க்குள் காந்தம் இருக்கும் வகை என்றால் எம்ஆர்ஐ எடுக்கவே கூடாது. இதைப் பர்ஸில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விபத்து, முதுகுவலி என்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே யாருக்கும் தெரியாது.

மார்புத் தசைக்கு அடியில் வைத்தால் மேல் பகுதி இயற்கையாகத் தெரியும், ஆனால் கையை அழுத்தும்போது மார்பகம் குதித்து இழுபடும். தசைக்கு மேல் வைத்தால் வலியும் இந்தக் குதிப்பும் குறைவு, ஆனால் மேல் தோல் மெலிந்தவர்களுக்கு இம்பிளான்டின் மடிப்பு அலையலையாகத் தெரியும். இம்பிளான்ட் ஆயுளுக்கும் வருவதல்ல. உள்ளேயே கிழிந்தாலும் சிலிகோன் ஜெல் அப்படியே இருப்பதால் வெளியே தெரியாது. அதனால்தான் வைத்த ஐந்தாறு வருடத்தில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்பிளான்ட்களைச் சுற்றி மிக அரிதாக ஒருவகை லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்று, வரலாம். 2019-இல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது இதனால்தான். பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்கினால் அந்த நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். வைத்த இம்பிளான்டின் பெயர், அளவு, சீரியல் எண் உள்ள அட்டையைத் தொலைக்காதீர்கள்.

சொந்தத் திசுவில் இன்று முதலிடம் வயிற்றின் கீழ்ப்பகுதித் தோலையும் கொழுப்பையும், தசையை எடுக்காமல், ரத்தக்குழாயோடு பிரித்து மார்புக்கு மாற்றி மைக்ராஸ்கோப்பில் இணைக்கும் டீப் ஃபிளாப்புக்கு. பழைய டிராம் முறையில் வயிற்றுத் தசையும் சேர்ந்து போனதால் குடலிறக்கமும் வயிறு புடைப்பதும் அதிகம். டீப் முறை ஒரு பக்கத்துக்கே ஆறு மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். ஆறியபின் மென்மையாக, சூடாக, எடை கூடினால் கூடி, குறைந்தால் குறைந்து உடம்போடு வாழும். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் தடையல்ல. ஏற்கெனவே வயிற்றுத் தோலைக் குறைக்கும் அறுவை செய்திருந்தால் முடியாது. முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவரும் எல்.டி. ஃபிளாப்பில் குழாயை வெட்டி ஒட்டும் வேலை இல்லை, பிழைப்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் அளவு குறைவு, முதுகில் வாரக்கணக்கில் நீர் கோக்கும்.

டீப் ஃபிளாப் செய்தவரின் முதல் இரவைப் பார்த்தால் இந்த அறுவை எதில் நிற்கிறது என்று புரியும். நர்ஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வருவார். கையில் டார்ச், ரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்கும் சின்ன டாப்ளர் கருவி. புறங்கையால் சூடு பார்ப்பார். விரலால் அழுத்தி எடுத்து நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார், இரண்டு மூன்று நொடி என்றால் சரி. நூல் அடையாளம் போட்ட இடத்தில் டாப்ளரை வைத்து நாடி ஓசையைக் கேட்பார். வெளுத்து, குளிர்ந்து, நிறம் திரும்பவே இல்லை என்றால் ரத்தம் உள்ளே போகவில்லை. ஊதா நிறமாகி, வீங்கி, அழுத்தி எடுத்த உடனே சடக்கென்று நிறம் திரும்பினால் ரத்தம் வெளியேறவில்லை. இரண்டாவதுதான் அதிகம் நடப்பது, ‘நிறம் சீக்கிரம் வருகிறதே’ என்று ஏமாந்துபோவதும் இதில்தான். இரண்டிலும் உடனே அரங்குக்குத் திரும்ப வேண்டும். சில மணி நேரத்துக்குள் சரிசெய்தால் ஃபிளாப் பிழைக்கும். அந்த இரவில் தூக்கம் கெடுகிறதே என்று நர்ஸைக் கோபிக்காதீர்கள். டாமோக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் உறையும் ஆபத்துக்காக, இந்த அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தும்படி பல சர்ஜன்கள் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரெயின் குழாயோடு வீட்டுக்கு

பெரும்பாலானவர்கள், காயத்துக்குள் ஊறும் நீரை ஒரு குடுவைக்கு இழுக்கும் ஒன்றிரண்டு டிரெயின் குழாயோடுதான் வீட்டுக்கு வருவார்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பு, கூட இருப்பவர் ஒரு முறை நர்ஸ் பார்க்கத் தானே செய்துகாட்டிவிட்டு வர வேண்டும். தோலிலிருந்து குழாய் வெளிவரும் இடத்தை ஒரு கையின் இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் இழுப்பது தையலில் தெரியும். மறு கையின் விரல்களில் ஸ்பிரிட் பஞ்சை வைத்துக் குழாயை நசுக்கியபடியே குடுவை வரை வழுக்கிக்கொண்டு போனால், உள்ளே நூல்போல நிற்கும் ரத்தக்கட்டி இறங்கிவிடும். குடுவையைத் திறந்து அளவுக் கப்பில் ஊற்றிப் பார்த்து, குடுவையைத் தட்டையாக நசுக்கிய நிலையிலேயே மூடியைப் போட வேண்டும். நசுக்காமல் மூடினால் அது இழுக்காது, வெறும் பாட்டில்தான். ஒவ்வொரு டிரெயினுக்கும் தனித்தனியாகத் தேதி, நேரம், எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதுங்கள். சிவப்பு மெல்ல இளஞ்சிவப்பாகி, பிறகு வெளிர் மஞ்சளாவது சரியான பாதை. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழ் என்று தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். குடுவை திடீரென்று பளிச் சிவப்பில் மளமளவென நிறைந்து மார்பு ஒரு பக்கம் புடைத்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது, அந்த நேரமே ஆஸ்பத்திரி. ஓட்டம் சட்டென்று நின்று மார்பு வீங்கினால் குழாய் அடைத்திருக்கும். காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றம் இருந்தால் காலை வரை பார்ப்போம் என்று தள்ளக் கூடாது, இம்பிளான்ட் இருந்தால் இன்னும் கூடாது.

டிரெயின் எடுத்த பிறகும் நீர் கோக்கலாம். கொஞ்சம் என்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், இறுக்கினால் ஊசியால் எடுப்பார்கள். வீட்டில் யாரும் அழுத்திப் பிழிய வேண்டாம்.

கையை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். விரல் மடக்குவது, முழங்கை, தோள் உயரம் வரை தூக்குவது. அதற்கு மேல் தூக்குவதும், சுவரில் விரலால் ஏறுவதும் டிரெயின் போன பிறகு. மறுசீரமைப்பு செய்திருந்தால் உங்கள் சர்ஜன் சொல்லும் எல்லைதான் எல்லை. சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கம்பி இழுத்ததுபோல ஒரு நாண் எழும்பி, கை நீட்ட முடியாமல் வலிக்கலாம். அது நோய் அல்ல, நிணக்குழாய்கள் இறுகுவது. பிசியோதெரபிஸ்ட் உதவியோடு நீட்டிப் பழகினால் சில மாதத்தில் போய்விடும். கை வீக்கம் சென்டினல் மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கும், அக்குள் முழுவதும் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் வருகிறது. மோதிரம், வளையல், சட்டைக் கை ஒரு பக்கம் மட்டும் இறுகுவது முதல் அறிகுறி. அப்போதே போனால் கட்டுப்படுத்தலாம்.

எல்லோரும் மறந்துபோகும் ஒன்று சூடு. விட்டுவைத்த மார்புத் தோலிலும், திசு எடுத்த வயிற்றிலும் உணர்வு இருக்காது. வெந்நீர்ப் பை ஒத்தடம் வைத்தால் தோல் பொசுங்கும்வரை தெரியாது. குளிர்காலத்தில் இப்படிப் புண்ணாகி வருபவர்கள் உண்டு. தண்ணீரை மறு கையில் சோதித்துவிட்டு ஊற்றுங்கள். மார்பிலும் வயிற்றிலும் சூட்டு ஒத்தடமே வேண்டாம்.

காம்பு எடுத்தவர்களுக்கு, உருவம் நிலைத்த பிறகு, மூன்று நான்கு மாதம் கழித்து, அங்கேயே இருக்கும் தோலை மடித்துக் காம்பு செய்யலாம். முதலில் வேண்டியதைவிடப் பெரிதாகச் செய்வார்கள், ஏனென்றால் காலப்போக்கில் அது பாதியளவு தட்டையாகும். கருவட்டத்துக்குப் பச்சை குத்துவது, நல்ல கை கிடைத்தால், காம்பையும் சேர்த்து நிழலடித்து அறுவையே இல்லாமல் முடித்துவிடும். சில வருடத்தில் நிறம் மங்கும், மறுபடி குத்திக்கொள்ளலாம்.

கட்டி மட்டும் எடுத்தவர்கள் அந்த மார்பகத்துக்கும் மறுபக்கத்துக்கும் வருடா வருடம் மேமோகிராம் எடுக்க வேண்டும். முழுவதும் எடுத்து மறுசீரமைத்த பக்கத்துக்கு வழக்கமான மேமோகிராம் தேவையில்லை, மறுபக்கத்துக்கு மட்டும் போதும். மறுசீரமைத்த பக்கத்தில் நோய் திரும்பினால் பெரும்பாலும் தோலிலோ அதற்கு நேர் கீழோ பட்டாணி அளவு கெட்டியாகத் தட்டுப்படும். உருவத்தைச் சீராக்கக் கொழுப்பு ஏற்றியிருந்தால் அந்த இடத்திலும் ஃபிளாப்பின் ஓரத்திலும் கொழுப்பு செத்து இதேபோன்ற கட்டி வரும். அது ஆபத்தில்லாதது. ஆனால் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்கேன் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் ஊசி வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இம்பிளான்ட் இருப்பதை ஊசி வைப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அல்ட்ராசவுண்டில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே எடுப்பார்.